எல்சிக்கு மறுபடியும் ஒன்பது

போன வருஷத்துத் தோரணத்தையே இந்த வருஷமும் ஜன்னலில் ஒட்டுகிற தாயை என்னவென்று சொல்வது?

நான் கஞ்சம் என்று சொன்னேன். மனதுக்குள் இல்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவள் காதில் விழுகிற மாதிரியே.

பக்கத்து வீட்டு ஜன்னலில் ‘இன்று எனக்கு 9’ என்று கொட்டை எழுத்தில் தொங்கியது. கீழே வாசற்படியில் எல்சி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அன்று பத்து முடிந்திருந்தது.

"டோரீன், நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்க. எனக்குப் பத்து! ஸ்கூல் பசங்கல்லாம் பார்த்து சிரிச்சுட்டுப் போறாங்க."

அவள் அம்மா லின்சி டேப்பை அழுத்தி ஒட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்கறத எதுக்குத் தூக்கிப் போடணும்? பத்த அடுத்த மாசம் கொண்டாடிக்கலாம்."

"தள்ளிப்போட இது என்ன, பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டா?" என்றேன். "சரி, பரிசாவது ஏதாவது வாங்கினியா?"

"ஒண்ணு வச்சிருக்கேன். இப்ப சொல்ல முடியாது, டோரீன்."

வாங்கவில்லை என்பதற்கு இவ்வளவு சுற்று வழியா! ஞாயிற்றுக்கிழமை கூட எல்சியையும் அவள் தம்பியையும் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவள். அந்தக் காசையெல்லாம் எங்கேதான் கொண்டுபோய்ப் பூட்டுகிறாளோ?

என்னால் பொறுக்க முடியவில்லை. கீத்லி கடைத்தெருவுக்குப் பஸ் பிடித்துப் போய், எல்சி உயரத்துக்குத் தங்க நிற பலூன் இரண்டு வாங்கிவந்தேன். ஒரு ஒன்று, ஒரு சைபர். லின்சி சமையலறையில் இருந்த நேரமாகப் பார்த்து அவள் வீட்டு கேட்டில் கட்டிவிட்டேன். எல்சி குதித்த குதியில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

சத்தம் கேட்டு லின்சி கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள்.

"அய்யோ, அவுத்துடுங்க டோரீன்! நாலு மணிக்கு ஹோல்ராய்ட் வரார், கூரைத் தண்ணிக் குழாயப் பார்க்க."

"வரட்டுமே. ஹவுஸ் ஓனர் வந்தா பிள்ளைக்கு வயசு ஆகக் கூடாதா?"

சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய கார் வந்து நின்றது. ஹோல்ராய்ட் தங்கமான மனுஷர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். குழந்தைகள் என்றால் உயிர்.

"அடடே, பத்தா!" என்றார். "ஜன்னல்ல ஒன்பதுன்னு போட்டிருக்கே?"

"அத நம்பாதீங்க மிஸ்டர் ஹோல்ராய்ட். அது போன வருஷத்துது. நம்ம லின்சியோட சிக்கனம்!" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எல்சி கையில் ஐந்து பவுண்ட் நோட்டை வைத்தார். போனை எடுத்து, எங்களைப் பலூனோடு நிற்கவைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

லின்சி ஒரு வாய் டீ குடிக்கிறீர்களா என்றுகூட அவரைக் கேட்கவில்லை. மரம் மாதிரி நின்றாள். என்ன வளர்ப்போ என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கையில் ஒரு கவரோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"டோரீன், பத்து வயசு வரைக்கும் அக்காவும் தம்பியும் ஒரே ரூம்ல படுக்கணும்ங்கறது அரசாங்கக் கணக்கு. அதனால எங்களுக்கு ரெண்டு ரூமுக்குத்தான் வாடகை உதவி. மாசம் ஐநூத்தி முப்பது பவுண்ட். ஆனா கிடைச்சது மூணு ரூம் வீடு, அறுநூத்தி நாப்பது. மிச்சம் நூத்திப்பத்து நான் போடறேன். ஞாயித்துக்கிழமை ஆபீஸ் துடைக்கப் போறது அதுக்குத்தான்."

"சரி..."

"எல்சிக்குப் பத்து ஆனா தனி ரூம். உதவி அறுநூத்தி நாப்பதாயிடும். முழு வாடகையும் அதுலயே அடைஞ்சிடும்."

"அப்ப நல்ல சேதிதானே, கண்ணு?"

"அந்தக் கணக்கு என்னைவிட ஹோல்ராய்டுக்கு நல்லாத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாடகை ஏத்தலாம். இது அவர் ஏத்தற வாரம். எல்சிக்கு இன்னும் ஒன்பதுதான்னு நினைச்சிருந்தா, எப்பவும் போல அஞ்சோ பத்தோ ஏத்திட்டுப் போயிருப்பார். அப்புறம் ஒரு வருஷம் தொட முடியாது. அரசாங்கத்துகிட்ட பிறந்த தேதி சரியாத்தான் குடுத்திருக்கேன். இவர்கிட்ட மட்டும்தான் ஒரு வயசக் குறைச்சேன்."

நான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"இனிமே ஞாயித்துக்கிழமையெல்லாம் உன்கூடவே இருப்பேன்னு எல்சிகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அதுதான் அவளுக்கு நான் வச்சிருந்த பரிசு."

கவரை நீட்டினாள். அழகான கையெழுத்து.

‘அன்புள்ள லின்சி, புதிய வாடகை எழுநூற்று ஐம்பது பவுண்ட். கவலை வேண்டாம். அரசாங்கம் தருவது போக, நீ கையிலிருந்து போடுவது அதே நூற்றுப்பத்துதான். உனக்கு எதுவுமே மாறவில்லை! எல்சிக்கு என் ஆசிகள். ஞாபகத்துக்காகப் போட்டோவையும் வைத்திருக்கிறேன்.’

போட்டோவை எடுத்துப் பார்த்தேன்.

எல்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் சைபரைத் தூக்கிப் பிடித்தபடி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பது நான்.