பூசையில் சேராத பெயர்கள்

முதல் பெயரைப் பாடியதுமே ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார்.

அதுவரை அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தமிழில் ஏதோ மாதா பாட்டு என்று நினைத்திருப்பார். நடுவில் ஓவன் ஹாலோரன் என்று ஓர் அயர்லாந்துக்காரன் பெயர் வந்ததும் முகம் சிவந்துவிட்டது.

சிவக்கட்டும் என்று இருந்தேன். எண்பத்தொன்றில் அமெரிக்காவுக்கு, இந்த ஜெர்சி சிட்டிக்கு வந்ததிலிருந்து, பாடகர் குழுவில் ஓரமாக நிற்க இடம் கொடுத்தார்கள் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

எதிரே சவப்பெட்டிக்குள் இருந்தவர், நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மைக்கேல். இளவயதில் அயர்லாந்திலிருந்து ஸ்பெயின் நாட்டின் உள்நாட்டுப் போருக்குத் தானாகக் கிளம்பிப் போனவர். அவரும் அவர் ஊர்ப் பையன்களும் குடியரசின் பக்கம் நின்றார்கள். கத்தோலிக்கத் திருச்சபை ஆசீர்வதித்ததோ எதிரே நின்ற ராணுவத் தளபதிகளை. அதனால் இவர்களை ஊர்க்கோயில் பிரசங்கத்திலேயே சபித்தார்கள். செத்தவர்களுக்கு ஒரு பூசைகூட வைக்கவில்லை.

திரும்பி வந்தவர்கள், வராதவர்களின் பெயர்களைக் கோத்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் பீருடன் மைக்கேல் அதைப் பாடாமல் இருந்ததில்லை. என் சாவிலாவது கோயிலுக்குள் இந்தப் பெயர்கள் கேட்க வேண்டும் என்பார். வேறொன்றும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

அவர் மனைவி நோரா போய்க் கேட்டபோது ஃபாதர் முடியாது என்றுவிட்டார். அந்தப் பாட்டு பீர்க்கடையோடு நிற்கட்டும் என்றாராம். வேண்டுமானால் ஜோசபின், அதாவது நான், தமிழில் ஒன்று பாடட்டும் என்று பெரிய மனது பண்ணினார்.

சரி, தமிழிலேயே பாடினேன். மெட்டு அவர்களுடையது, வார்த்தை என்னுடையது. பெயர்களை மட்டும் எப்படி மொழிபெயர்ப்பது?

ஃபாதர் பீடத்தைவிட்டு இறங்கி என்னை நோக்கி வந்தார். கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் மைக்கேலுக்கு இன்னொரு சாவு கிடையாது. அடுத்த பெயரைப் பாடினேன், டெர்மட் கீகன்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

கடைசி பெஞ்சிலிருந்து எலிசா ஆன்ட்டியின் குரல். பூசையில் பாதி நேரம் தூங்குகிறவர். வரிசையாகப் பெயர்கள் காதில் விழுந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் இப்படிப் பதில் சொல்லும் புனிதர்களின் மன்றாட்டு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அவரைப் பார்த்து மற்றத் தமிழ்க் குடும்பங்களும் பதில் சொன்னார்கள். பனியில் புதைந்த கார்களை மைக்கேல் மண்வெட்டியோடு வந்து மீட்டுக் கொடுத்த நன்றிக்காக வந்திருந்தவர்கள். சின்ன வயதுப் பழக்கம், சும்மா விடுமா? சபை சபித்த பையன்களை மூன்றாவது பெயருக்குள் புனிதர்களாக்கிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மன்றாட்டின் தாளம் எந்தக் கத்தோலிக்கருக்குத் தெரியாது? அடுத்த பெயருக்கு அவரும் ‘ப்ரே ஃபார் அஸ்’ என்றார். வயதான அயர்லாந்துக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று சொன்னார்கள்.

ஃபாதர் பாதி வழியில் நின்றுவிட்டார். ஜெபத்தை நடுவில் நிறுத்த எந்தச் சாமியாருக்கும் மனசு வராது. உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

கடைசியில் மைக்கேலின் பெயரையும் சேர்த்துப் பாடி முடித்தேன்.

நான் முடித்த பிறகு, அதே மெட்டில் இன்னொரு பெயர் வந்தது. ஜீவரத்தினம். பாடியது எலிசா ஆன்ட்டி.

கோயில் முழுக்க அதற்கும் பதில் சொன்னது.

அப்படி ஒரு புனிதர் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஸ்பெயினுக்குப் போனவர்களிலும் அப்படி யாரும் கிடையாது. பெட்டியை வெளியே கொண்டுவந்தபோது, வாசல் படியில் ஆன்ட்டியின் கையைப் பிடித்து யார் அது என்று கேட்டேன். ஃபாதர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் கேட்கட்டும் என்பதுபோல ஆன்ட்டி சத்தமாகவே சொன்னார்.

“நான் தூக்கத்துல சொன்னேன்னா நெனச்சே? அவன் என் தம்பிம்மா. மில்லுல சங்கம் வச்சான். கம்யூனிஸ்ட்டுன்னு சொல்லி, எங்க ஊர்க் கோயில்ல அவன் சாவுக்கு மணிகூட அடிக்கல.”