இறங்க வேண்டியவர்

"காலை மிதிச்சிட்டு ஒரு மன்னிப்பாவது கேக்கறாரா பாரு!" என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் முணுமுணுத்தாள்.

கோட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை. கடைசி நொடியில் ரயில் பெட்டிக்குள் முண்டியடித்து ஏறியவருக்கு, தன் பூட்ஸுக்கு அடியில் கதவண்ணனின் கால் நசுங்கியது எங்கே தெரியப்போகிறது? அவர் கவலை அவருக்கு.

கதவண்ணன் பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டார். வெல்டிங் பட்டறை ஆள், ஆறடி உயரம். தினமும் வாசல் கம்பிகள் இரண்டையும் பிடித்து மறித்தபடி நிற்பதால் பெட்டியில் எல்லாருக்கும் அவர் கதவண்ணன்தான். அவர் பார்வை கோட்டுக்காரரின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"சார், நீங்க டிவியில வந்தீங்கள்ல?"

கோட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "அட, பாத்தீங்களா? எப்படிப் பேசினேன்?"

"பாத்தேன் சார். மறக்க முடியுமா?"

கதவண்ணன் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோட்டுக்காரர் நர்ஸிடம் புலம்பத் தொடங்கினார். "கார் பாதி வழியில படுத்துடுச்சும்மா. அதுவும் இன்னிக்குப் பாத்து! சிறந்த அதிகாரின்னு எனக்கு விருது குடுக்கறாங்க. மனைவி, பொண்ணு, மாமனார் எல்லாரும் முன் வரிசையில உக்காந்திருக்காங்க. நான் மணிக்கூண்டு ஸ்டேஷன்ல இறங்கியே ஆகணும்."

"அப்ப கதவண்ணன்கிட்ட இப்பவே சொல்லிடுங்க சார். அவர் 'வழி'ன்னு குரல் குடுத்தாத்தான் இந்தப் பெட்டியில எல்லாரும் ஒதுங்குவாங்க. இல்லேன்னா ஏறுற கூட்டம் உங்களை உள்ள தள்ளிட்டுப் போயிடும்."

"அதைச் சொல்ல இவர் யாரும்மா?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "அவரோட தம்பி இதே கதவுல தொங்கிட்டு வந்து, விழுந்து செத்துப்போனான் சார். உள்ள நிக்க இடம் இல்ல, பாவம். அதுலேருந்து அண்ணன் இங்கயே நின்னு, ஒருத்தரையும் தொங்க விடறதில்ல. புதுசா ரெண்டு பாதை போட்டு வண்டியை அதிகமாக்கறோம்னாங்க. அதையும் நிறுத்திட்டானுங்க, நாசமாப் போறவனுங்க!"

கோட்டுக்காரர் சட்டென்று செல்போனைக் காதில் வைத்து, "இதோ வந்துட்டேம்மா, நீ வீடியோ எடுக்க ரெடியா இரு" என்று மனைவியிடம் பேச ஆரம்பித்துவிட்டார். பேசி முடித்ததும் கதவண்ணனின் தோளைத் தட்டினார். "இந்தாப்பா, மணிக்கூண்டு வந்ததும் எனக்கு வழி விடச் சொல்லு."

அடுத்த ஸ்டேஷன் வந்தது. "வழீ!" என்று கதவண்ணன் போட்ட சத்தத்தில் உடம்புகள் ஒதுங்கின. ஒரு தையல்காரரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் துணி கசங்காமல் இறங்கிப் போனார்கள். இதைப் பார்த்ததும் கோட்டுக்காரருக்குத் தெம்பு வந்தது. டையைச் சரிசெய்துகொண்டார்.

மணிக்கூண்டு வந்தது. கதவண்ணன் கம்பியோடு கம்பியாக ஒதுங்கி நின்றார். வாயைத் திறக்கவில்லை.

பிளாட்பாரத்தில் காத்திருந்த கூட்டம் அடித்துப்பிடித்து ஏறியது. கோட்டுக்காரர் ஓரடி முன்னே வைத்தால் மூன்றடி பின்னே போனார். கோட்டுப் பொத்தான் தெறித்தது, டை யாருடைய பையிலோ மாட்டிக்கொண்டு கழுத்தை இழுத்தது. வண்டி கிளம்பியேவிட்டது.

"ஐயோ, என் ஸ்டேஷன்!"

கதவண்ணன் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. தம்பி போனதிலிருந்து எரிந்துகொண்டிருந்த வயிறு இன்றைக்குத்தான் கொஞ்சம் குளிர்ந்திருந்தது.

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே இது? காலை மிதிச்சதுக்கா இவ்வளவு வன்மம்? அவர் வீட்டு ஆளுங்க காத்துட்டு இருக்காங்க."

"என் தம்பிக்காக நாங்களும்தாம்மா காத்துட்டு இருந்தோம்."

கோட்டுக்காரரின் செல்போன் அலறியது. மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்களாம், மாமனார் முன்னால் மானம் போகிறதாம். மனைவியின் கத்தல் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

அவர் கும்பிடாத குறைதான். "ஐயா, உங்க காலை மிதிச்சது தப்புதான். மன்னிச்சிருங்க. அடுத்த ஸ்டேஷன்லயாவது இறங்கி ஓடிப் போயிடறேன்."

"காலு கெடக்குது சார்."

"அப்புறம் ஏன்யா என்னை இறங்க விடமாட்டேங்கறே?"

"நானா பிடிச்சு வெச்சிருக்கேன்? தாராளமா இறங்குங்க."

அடுத்த ஸ்டேஷனும் வந்தது. கதவண்ணன் மறுபடி ஒதுங்கி நின்றார், மறுபடி வாய் திறக்கவில்லை. ஏறிய கூட்டம் கோட்டுக்காரரை எதிர்ப்பக்கச் சுவர் வரைக்கும் கொண்டுபோய் அப்பியது. கன்னம் தகரத்தில் அழுந்த, முழி பிதுங்க, அவர் அடித்தொண்டையில் கத்தினார்.

"எப்படிய்யா இறங்கறது? மூச்சு விட முடியல! இவ்வளவு கூட்டத்துல மனுஷன் எப்படிய்யா இறங்குவான்?"

பெட்டியே அவரைத் திரும்பிப் பார்த்தது. கதவண்ணன் நிதானமாகக் கேட்டார்:

"கூட்டமே இல்ல, புதுப் பாதை எதுக்குன்னு டிவியில சொன்னது நீங்கதானே சார்?"