மூன்று இலை அடையாளம்

மலேசியாவில், பெடாஸ் பக்கம் சசிதரன் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், அவன் குடும்பம் புதையல் தேடி நடந்துகொண்டிருந்தது. ஒளித்து வைத்தது மனைவி விஜிதா. அப்படித்தான் அவள் சொல்லியிருந்தாள்.

"அப்பா, இங்க பாருங்க!" என்றாள் மகள் தனுஷா. மரத்தடியில் மூன்று இலைகள், ஈர்க்குச்சியால் தைக்கப்பட்டுக் கிடந்தன. காம்புகள் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

சசிதரன் நின்றுவிட்டான். சின்ன வயதில் இதே தோட்டத்தில் புதையலுக்கு வழிகாட்ட வைத்து விளையாடிய அடையாளம்.

"சிரம்பான் டவுன்ல வளந்தவ நீ. உனக்கு எப்படி இது தெரியும்?" என்று விஜிதாவிடம் கேட்டான்.

"நீங்கதானே சொன்னீங்க லா!"

எப்போது சொன்னோம் என்று அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

தனுஷா ஒரு ரப்பர் கொட்டையைப் பொறுக்கினாள். "இதுதான் புதையலா?"

"இல்லம்மா. இதைச் சிமெண்டுல தேச்சா நெருப்பா சுடும். சின்ன வயசுல நான் புதையலைக் கண்டுபிடிச்சுக் குனிஞ்சா போதும், ஒரு வாலு வந்து என் கழுத்துல வச்சுட்டு ஓடிடும்."

"யாருப்பா அது?"

சசிதரன் விறுவிறுவென்று முன்னால் நடந்தான்.

ரப்பர் பால் சேகரிக்கும், இடிந்துபோன பழைய ஸ்டோரின் சுவரோரம் ஒரு பிஸ்கட் டின் தெரிந்தது. ஓடிப்போய்க் குனிந்து திறந்தான். டின் காலி.

அந்த நேரம் பார்த்துப் பின்கழுத்தில் சுரீரென்று சுட்டது.

"ஆ! ரோகினி!"

திரும்பிப் பார்க்காமலே கத்திவிட்டான். அது அவன் தங்கையின் பெயர்; விரும்பியவனை அவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் வாய் சொல்லாத பெயர்.

"இப்பவாச்சும் கூப்பிட்டியேண்ணே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.