வீட்டுப் பொருத்தம்

இதழினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கேட்கவில்லை. அவள் கேசரித் தட்டைக் கீழே வைக்கும் முன்பே மாப்பிள்ளையின் அம்மா ஷர்மிளா, "உங்க வீட்டுக்கு எத்தனை வருஷம் காட்டுது?" என்றாள்.

தென் துருவத்துப் பனியைச் செயற்கைக்கோள் அளந்து, எந்த வீட்டைக் கடல் எப்போது கொண்டுபோகும் என்று தினமும் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. பொய் சொல்ல வழியே இல்லை.

"ஒன்பது" என்றார் அப்பா, தரங்கம்பாடி வீட்டுச் சுவரைப் பார்த்தபடி.

"எங்க சீர்காழி வீட்டுக்கு முப்பது. சரிப்பட்டு வராதுங்க."

ஷர்மிளா எழுந்துவிட்டாள். திருடிப் பிடிபட்டவள்போல இதழினி கூசி நின்றாள். அம்மா கேசரியை உள்ளே எடுத்துப் போனாள்.

அவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாக அலறின. பனிமலை ஒன்று மொத்தமாகச் சரிந்து கடலில் விழுந்திருந்தது. இந்த வீட்டுக்கு ஏழு. அந்த வீட்டுக்கும் ஏழு.

ஷர்மிளா செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே ரெண்டும் ஒண்ணுதானே? காப்பி குடுங்க சம்பந்தி."

அப்பா இவ்வளவு சந்தோஷப்பட்டு இதழினி பார்த்ததே இல்லை. போன கேசரி திரும்பி வந்தது. பனி விழுந்ததற்கு எல்லாரும் இனிப்புச் சாப்பிட்டார்கள்.

"அடுத்த வருஷமே எனக்கு ஒரு பேரன் வேணும்" என்றாள் ஷர்மிளா.

"வீடு போறப்ப அவனுக்கு ஆறு வயசுதான் இருக்கும்" என்றாள் இதழினி. "எங்க தூக்கிட்டு ஓடுறது?"

ஷர்மிளா அவள் கன்னத்தை வழித்து, விரல்களைத் தன் நெற்றியில் வைத்துச் சொடுக்கினாள்.

"பொண்ணுக்குக் கணக்கு நல்லா வருது!"