கத்திரிப்பூத் தண்ணீர்

"அடிப்பாவி! இது நம்ம மைன்ஸ் குழியில்ல?"

அரியலூர் கல்யாண மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி. மகள் புவனேஸ்வரி வரைந்த படத்தைப் பார்க்கப் பெருமையோடு வந்த உத்திராபதிதான் இப்படிப் பதறினார். படத்தில் நான்கு ஆண்கள் ஒட்டுத்துணி இல்லாமல் குளித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் முதுகைக் காட்டி நிற்க, வலது கோடியில் ஒருவன் தொப்பையும் தானுமாகப் பக்கவாட்டில் நின்றான். உடம்பெல்லாம் செக்கச் சிவப்பு, ஆங்காங்கே பச்சைத் தீற்றல். தண்ணீரோ கத்திரிப்பூ நிறம்.

"வெளிநாட்டுல நூறு வருஷத்துக்கு முந்தியே குளிக்கிறவங்கள இப்படித்தான்ப்பா வரைஞ்சாங்க. கண்ணுக்குத் தெரியுற கலர் இல்ல, மனசுக்குத் தோணுற கலர். நானும் நம்ம வூட்டு ஜன்னல்லேருந்து பாத்து வரைஞ்சேன்."

"பொம்பளப் புள்ள வரையிற படமா இது? அதுகூடக் கெடக்கட்டும். சுண்ணாம்புக்கல்லு வெட்டுன பெறகு தண்ணி தேங்கிக் கெடக்குற அந்தக் குழியில எவனும் எறங்கக் கூடாதுன்னுதானே கம்பெனி எனக்குச் சம்பளம் குடுக்குது! மேனேஜர் பாத்தாருன்னா வாட்ச்மேன் வேலை போச்சு. வேலை போனா குவார்ட்டர்ஸும் போச்சு."

"மூஞ்சியே இல்லாத படத்துல குழி மட்டும் எப்படிப்பா தெரியும்?"

"படிப்படியா வெட்டுன பாறை, கரையில ஒத்தப் பனைமரம். எனக்கே தெரியுது, அவருக்குத் தெரியாதா?"

மேனேஜர் பரணிதரன் மகா கண்டிப்பு. உத்திராபதி முந்திரிக் கொல்லையைப் பார்க்கச் செந்துறைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட, வேறு ஆளை நம்பாமல் குழிக்குப் போகும் கேட் சாவியைத் தானே வாங்கி வைத்துக்கொள்வார். அவர்தான் இன்று சிறப்பு விருந்தினர்.

"கழட்டி எங்கயாச்சும் மறைச்சுடு தாயி" என்று உத்திராபதி கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே, தோளில் பொன்னாடையோடு பரணிதரன் வந்துவிட்டார்.

படத்தின் முன் நின்றவர் நகரவே இல்லை. முகம் மெல்லக் கறுத்தது. அவராகக் கேட்கும்முன் தானே சொல்லிவிடுவது மேல் என்று உத்திராபதிக்குப் பட்டது.

"மன்னிச்சுடுங்க சார், நம்ம குழிதான். நான் இருக்கையில ஈ காக்கா எறங்காது. எப்படி எறங்குனானுங்கன்னே தெரியல. யாருன்னு கண்டுபிடிச்சு முட்டியப் பேத்துடுறேன் சார்!"

"சேச்சே, அதெல்லாம் வேணாம்" என்று பரணிதரன் அவசரமாகத் தடுத்தார். பிறகு புவனேஸ்வரியிடம் திரும்பினார். "இத எப்பம்மா பாத்த?"

"ஞாயித்துக்கெழம காலைல சார். அன்னிக்கு மட்டுந்தான் வராங்க."

பரணிதரன் அக்கம்பக்கம் பார்த்தார். பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"படம் அப்படியே இருக்கட்டும்மா. அந்த வலது கோடி ஆளோட தொப்பைய மட்டும் சட்டுனு கொஞ்சம் கொறைச்சுடேன், என் சம்சாரம் உள்ள வந்துக்கிட்டு இருக்கா!"