முழங்கை அளவு

மூன்றாவது தடவை மணியை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. இன்ச் டேப் என்று ஊரே கூப்பிடும் அந்த மனுஷருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"உள்ளே என்னதான் பண்றா இவ?" என்று பல்லைக் கடித்தவர், பக்கத்தில் நின்ற இன்ஜினியரம்மாவைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார்.

சமையலறை, அலமாரி, கட்டில் என்று வீட்டு உள்வேலை செய்கிறவர் அவர். இடுப்பில் எந்நேரமும் டேப் தொங்கும், அதனால் அந்தப் பெயர். இன்ஜினியரம்மா கட்டும் அடுக்குமாடியில் நாற்பது சமையலறை. அந்த வேலை கிடைத்தால் பட்டறை பிழைக்கும், இல்லாவிட்டால் பூட்டுதான்.

"நீங்க செஞ்ச சமையலறை ஒண்ணு காட்டுங்க சார்" என்று அந்தம்மா கேட்டதும், மனுஷர் நேரே தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. மனைவி மூச்சு வாங்க நின்றாள்.

"யாராவது வந்தா மட்டும் உனக்குக் கதவைத் திறக்க அரை மணி நேரம்!"

"கை வேலையா இருந்தேங்க. வாங்க மேடம், உள்ள வாங்க."

ஹாலில் பெரிதாக ஒரு கல்யாண ஃபோட்டோ. அதைத் தாண்டினால் சமையலறை.

"பாருங்க மேடம், ஃபிரிட்ஜ், தொட்டி, அடுப்பு மூணும் முக்கோணம். எதுக்கும் ரெண்டு எட்டுக்கு மேல நடக்க வேண்டாம். ஆனா மேடை உயரம்தான் உயிர். சமைக்கிறவங்க முழங்கைக்கு நாலு இன்ச் கீழ இருக்கணும். எந்த வீட்டுக்குப் போனாலும் கையை மடக்கச் சொல்லி அளந்துட்டுத்தான் மத்த வேலை!"

இப்படி வாய் கிழியப் பேசுகிறவர் அந்த அடுப்பில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்ததில்லை. சமையலறைக்குள் அவர் கால் வைப்பதே யாருக்காவது சுற்றிக் காட்டும்போதுதான். இதெல்லாம் அவரே இப்போது ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பது. சொல்லும்போது தன் தலையில் தானே ஒரு குட்டும் வைத்துக்கொள்வார்.

"அக்கா, ஒரு வெங்காயம் நறுக்கிக் காட்டுறீங்களா?" என்றார் இன்ஜினியரம்மா.

மனைவி ஒரு கணம் தயங்கிவிட்டுக் கத்தியை எடுத்தாள். தோள் இரண்டும் காதுக்கு ஏறிக்கொண்டன. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவள் மாதிரி, கையைத் தூக்கித் தூக்கி நறுக்கினாள்.

"தினமும் இப்படித்தானா அக்கா?"

"ஆமா மேடம். ரொம்ப வசதி."

"கேட்டீங்களா!" என்று பூரித்துப்போனார் இன்ச் டேப். "இதையும் பாருங்க. துடைப்பம் வைக்கன்னே ஒடுக்கமா ஒரு அலமாரி."

"ஐயோ, அது வேண்டாங்க!"

அதற்குள் திறந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு பலகை தடாலென்று அவர் கால் விரலில் விழுந்தது.

"அம்மா!" ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கண்ட கட்டையையும் இங்கே கொண்டாந்து சொருகி வெச்சிருக்கியே, மானம் போகுதுடி!"

இன்ஜினியரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் கட்டை கொடுத்து, நாலு இன்ச் உயரத்துக்கு அடித்த பலகை. வழுக்காமலிருக்கப் பழைய செருப்பு ரப்பர். மேலே இரண்டு பாதம் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

மேடைக்கு முன்னால் அதைப் போட்டார். "ஏறி நில்லுங்க அக்கா."

ஏறினாள். தோள் இறங்கியது. கத்தி டக் டக்கென்று ஓடியது.

இன்ச் டேப்புக்குக் கால் வலி மறந்துபோனது.

"எவ்வளவு நாளா இது?"

"ரெண்டு வருஷமா. உங்க பட்டறையில மிஞ்சின துண்டுதான். நானே ஆணியடிச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தங்கச்சி வீட்டுலேர்ந்து நான் வர்றதுக்குள்ள இந்தச் சமையலறையைச் செஞ்சு முடிச்சிட்டு, வாசல்ல சின்னப்புள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. எப்படிங்க சொல்றது? அப்புறம் வாரத்துக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து பெருமையா காட்ட ஆரம்பிச்சிட்டீங்க. மணி அடிச்சா இதை ஒளிச்சு வெச்சிட்டுத்தான் கதவைத் திறப்பேன்."

நாற்பது சமையலறை போனாலும் போகட்டும், இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றிருந்தது அவருக்கு.

"சார், வேலை சுத்தமா இருக்கு. நீங்க சொன்ன அளவும் சரிதான், அக்கா பலகையில ஏறினதுமே தெரிஞ்சுபோச்சு" என்றார் இன்ஜினியரம்மா சிரித்தபடி. "நாற்பதையும் நீங்களே செய்யுங்க. ஆனா அளவெடுக்க வர்றப்ப அக்காவும் கூட வரணும். அதுக்கு முன்னாடி இந்த மேடையை இறக்குங்க. ஆமா, அக்கா கையை அளக்காம எந்தக் கணக்குல இதைப் போட்டீங்க?"

"ஊர்ல இல்லாதவ கையை எப்படி மேடம் அளக்கறது?" ஹால் பக்கம் பரிதாபமாகக் கையைக் காட்டினார். "அந்தக் கல்யாண ஃபோட்டோவைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டேன். நீங்களே பாருங்க, என் காது வரைக்கும் நிக்கிறாளா இல்லையா?"

மனைவி நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"அன்னிக்கும் அந்த ஃபோட்டோக்காரர் என்னைப் பலகை மேலதாங்க நிக்க வெச்சார். நீங்க கேமராவையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க."