இருவருக்கும் ஒரே பாட்டு

வீட்டில் ஒவ்வொருவருக்கும் அவரவர் மனநிலைக்கேற்பக் காதுக்கருவியே புதுப்புதுப் பாட்டாகக் கட்டித் தந்தது. அதனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பியூலாவும் ஜெபசிங்கும் ஒரே பாட்டைக் கேட்டதேயில்லை.

அன்று தூத்துக்குடி கடற்கரையில் மனிதர்களே பாடிய கச்சேரி நேரலையில் வந்தது. இருவரும் கருவியைக் கழற்றிவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தார்கள். பாடகியின் குரல் ஓரிடத்தில் கம்மி, சட்டென்று உச்சத்துக்கு ஏறியது. பியூலாவுக்குப் புல்லரித்தது. கணவன் கையைப் பார்த்தாள். அங்கேயும் ரோமம் சிலிர்த்து நின்றது.

“உங்களுக்குமா?”

“ஆமா, அதே இடத்துலதான்! பின்னாடி ஓட்டி மறுபடி போடு!”

மறுநாள் காலை தோசை வார்த்தபடி பியூலா அந்தப் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தாள். குளியலறையிலிருந்து இரண்டாவது வரி வந்தது. அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி, கதவருகே நின்று மூன்றாவது வரியை வாய்விட்டுப் பாடினாள்.